சாவி கைமாறுவதற்கு முன்

ஜெர்மன் வீட்டு ஜன்னலுக்குக் கைப்பிடி ஒன்றுதான், வேலை மூன்று. கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் ஜன்னல் மூடியிருக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் கதவு போல உள்பக்கம் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் அடிவிளிம்பு நின்ற இடத்தில் நிற்க, மேல்விளிம்பு மட்டும் உள்ளே சாய்ந்து காற்றுக்கு வழிவிடும். சரியாக மூடாமல் பாதியில் கைப்பிடியைத் திருப்பிவிட்டால், கண்ணாடிச் சட்டம் முழுவதும் ஒரே மூலையில் தொங்கி, கையோடு பெயர்ந்து வருவது போலத் தோன்றும். உண்மையில் எதுவும் உடைந்திருக்காது. சட்டத்தை அழுத்திப் பிடித்துக் கைப்பிடியை மறுபடி திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் அந்த வீட்டுக்கு முதல்முறை வந்திருக்கும் வெளிநாட்டுக் குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும்? வீட்டுக்காரர் சொல்லியிருக்க மாட்டார். சின்ன வயதிலிருந்தே அந்தக் கைப்பிடியைத் திருப்பி வருபவருக்கு, அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

வெளிநாட்டுக் குடும்பத்தோடு வீட்டை மாற்றிக்கொண்டு விடுமுறையைக் கழிக்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் பயம் மொழி. அவர்களுக்கு எழுதுவது எப்படி, அவர்கள் எழுதுவது நமக்குப் புரியுமா, தொலைபேசியில் பேச நேர்ந்தால் என்ன செய்வது என்றெல்லாம் தயங்குவார்கள். இந்தக் கவலையில் பெரும்பகுதியைக் கைபேசிச் செயலிகள் இன்று தீர்த்துவிட்டன. தீராமல் நிற்பது அந்த ஜன்னல் கைப்பிடி. எழுதியதைச் செயலி மொழிபெயர்த்துவிடும். எழுதாமல் விட்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாற்றிக்கொண்ட வீட்டில் நேரும் சங்கடங்களில் பல இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

வீட்டுப் பரிமாற்றம் புதிய ஏற்பாடு இல்லை. ஐரோப்பாவில் 1953-இல் சில பள்ளி ஆசிரியர்கள் தொடங்கியது அது. கோடை விடுமுறை நீளமாக இருந்தது, சம்பளம் குறைவாக இருந்தது. ஓட்டலில் தங்கி நாடு பார்க்க வசதியில்லாத அவர்கள், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஒருவருக்கொருவர் திறந்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். இன்டர்வாக் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. ஹோம்லிங்க் என்ற இன்னோர் அமைப்பும் தன் தொடக்கத்தை அதே 1953-இல்தான் குறிப்பிடுகிறது. பல பத்தாண்டுகளுக்கு அச்சிட்ட பட்டியல் புத்தகங்கள்தான் இவர்களின் சந்தை. ஒரு வீட்டுக்குச் சில வரிகள். எத்தனை படுக்கை, கார் உண்டா, குழந்தைகள் வரலாமா, புகைபிடிக்கலாமா என்பதையெல்லாம் சுருக்கக் குறியீடுகளாகவே போட்டுவிடுவார்கள். குறியீட்டு விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டால் டச்சுக்காரர் வீட்டையும் இத்தாலியர் வீட்டையும் ஒரே மாதிரி வாசிக்கலாம். மொழித் தடைக்கு அந்த ஆசிரியர்கள் கண்ட முதல் வழி அது. இன்றைக்கும் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வேறொரு வழியையும் சிலர் தேர்ந்தார்கள். போலந்து மருத்துவர் ஸாமென்ஹோஃப் 1887-இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழியைப் பேசுவோர், உலகெங்கும் தங்கள் வீடுகளில் பயணிகளை இலவசமாகத் தங்கவைக்க ‘பாஸ்போர்த்தா செர்வோ’ என்ற முகவரிப் புத்தகத்தை 1974 முதல் வெளியிட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: வருபவருக்கு எஸ்பெராண்டோ தெரிந்திருக்க வேண்டும். அது அழகான ஏற்பாடு. ஆனால் பொதுமொழி ஒன்றைக் கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறக்கும்.

அமெரிக்காவில் எட் குஷின்ஸ் 1992-இல் தொடங்கிய ஹோம்எக்ஸ்சேஞ்ச், பின்னர் இணையத்துக்கு மாறி இந்த வழக்கத்தைப் பெரிதாக்கியது. 2006-இல் வந்த ‘தி ஹாலிடே’ என்ற ஹாலிவுட் படம் அதைப் பலருக்கும் அறிமுகம் செய்தது. அந்தப் படத்தில் வீடு மாற்றிக்கொள்ளும் இரண்டு பெண்களும் ஆங்கிலம் பேசுபவர்கள், அதனால் மொழிச் சிக்கலே எழவில்லை. 2017-இல் ஹோம்எக்ஸ்சேஞ்சை கெஸ்ட்டுகெஸ்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. இப்போது இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் இடம் மாற வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவரைத் தங்கவைத்தால் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு மூன்றாவது ஒருவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். பணம் கைமாறாது. ஓட்டலில் இருப்பதுபோல வரவேற்பு மேசையும் கிடையாது. தண்ணீர் வரவில்லை என்றால் கூப்பிட ஆள் இல்லாத இடத்தில் தங்குகிறோம். அதனால்தான் இங்கே மொழிக்கு இத்தனை முக்கியத்துவம்.

“ஆங்கிலம் தெரிந்தால் போதாதா?” என்று கேட்கலாம். ஐரோப்பிய ஆணையம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழி தவிர இன்னொரு மொழியில் உரையாட முடியும் என்றவர்கள் 54 சதவீதம். அந்த இன்னொரு மொழி ஆங்கிலம் என்றவர்கள் 38 சதவீதம். இளையவர்களிடம் நிலைமை இன்னும் மேல். ஆனால் வீட்டை மாற்றிக்கொள்ள முன்வருகிறவர்களில் ஓய்வுபெற்றவர்களும் உண்டு. லியோன் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு நீண்ட ஆங்கிலக் கடிதம் அனுப்பினால், அவர்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டு பிரெஞ்சில் வந்த இன்னொரு கடிதத்துக்குப் பதில் போடக்கூடும். முதல் கடிதத்தில் நான்கைந்து வரிகளையாவது அவர்கள் மொழியில் எழுதி, கீழே ஆங்கிலத்தையும் வைப்பது நல்லது. அந்த வரிகளில் இலக்கணப் பிழை இருந்தால் பாதகமில்லை. தங்களுக்காக ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார் என்பது அவர்களுக்குப் போய்ச்சேரும்.

பதில் வரும்போது இன்னொரு கவனம் தேவை. நெதர்லாந்திலிருந்து “உங்கள் வீடு எங்களுக்குப் பொருந்தாது” என்று ஒரே வரியில் பதில் வந்தால் மனம் சுருங்க வேண்டாம். அங்கே அது நேரத்தை வீணாக்காத மரியாதை. ஜப்பானிலிருந்து “யோசித்துப் பார்க்கிறோம்” என்று மிகப் பணிவாக வந்தால், அது பெரும்பாலும் மறுப்பு. தேதியைச் சுட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் பாராட்டு மட்டுமே வரும் கடிதத்தை நம்பி விமானச் சீட்டு வாங்கக் கூடாது. மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் எழுதிய ஒரு நூலில், சில சமூகங்கள் சொல்ல வேண்டியதைச் சொற்களில் போட்டுவிடும் என்றும், சில சமூகங்கள் சூழலில் விட்டுவிட்டுச் சொற்களைக் குறைத்துக்கொள்ளும் என்றும் பிரித்துக் காட்டினார். நம்மூரில் “பார்க்கலாம்” என்பதற்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்கு அவர் சொன்னதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

செயலிகளின் கதைக்கு வருவோம். கூகுள் மொழிபெயர்ப்பு 2006-இல் வந்தது. தமிழ் அதில் சேர்ந்தது 2011-இல். தொடக்க காலத்தில் அது கற்றுக்கொண்டது ஐக்கிய நாடுகள் சபை, ஐரோப்பிய நாடாளுமன்றம் போன்றவற்றின் ஆவணங்களிலிருந்து. தீர்மானங்களையும் அறிக்கைகளையும் ஓரளவு ஒழுங்காகப் பெயர்த்த அந்தக் கருவி, கொதிகலனைப் பற்றியும் குப்பைத் தொட்டியைப் பற்றியும் வீட்டுக்காரர் எழுதிய பேச்சுவழக்கில் தடுமாறியது. 2016-க்குப் பிறகு நரம்பணு வலைப்பின்னல் முறை வந்ததும் தரம் வெகுவாக உயர்ந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து 2017-இல் வந்த டீப்எல், ஐரோப்பிய மொழிகளில் இன்னும் இயல்பாக எழுதியது. எழுத்தின் மீது கைபேசிக் கேமராவைக் காட்டினால் அதே இடத்தில் மொழிபெயர்ப்பைக் காட்டும் வசதி 2015-இலேயே கூகுள் செயலியில் சேர்ந்துவிட்டது. ஜப்பானியச் சலவை இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஆனாலும் இந்தக் கருவிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல மொழிகளுக்கிடையே அவை ஆங்கிலத்தை நடுவழியாகக் கொண்டே இயங்கிவந்திருக்கின்றன. தமிழில் ‘நீங்கள்’ என்று எழுதியது ஆங்கிலத்தில் மரியாதை இழந்து, பிரெஞ்சில் ‘நீ’ ஆகப் போய்ச்சேரலாம். தமிழுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. “அம்மாவும் எங்களோடு வருவார்கள்” என்ற மரியாதைப் பன்மையைச் செயலி ஆள் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால், எதிர்முனையில் இருப்பவர் எத்தனை கட்டில் போடுவது என்று குழம்பிப்போவார். பேச்சில் எழுவாயை விட்டுவிடுவதும் நம் வழக்கம். “சனிக்கிழமை வந்து சாவி வாங்கிக்கொள்ளலாம்” என்றால் யார் வருவது, யார் வாங்குவது? தமிழ் கேட்பவருக்கு அது சூழலில் விளங்கும். இயந்திரம் ஊகித்துத்தான் எழுதும்.

அதனால் செயலிக்காக எழுதும் தமிழ் கொஞ்சம் வேறு மாதிரி இருக்க வேண்டும். “நாங்க ஒரு நாலு பேர், ஜூலை கடைசி வாக்கில் ஒரு பதினைந்து நாள் வந்து தங்கலாம்னு இருக்கோம், உங்க வசதியைச் சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கலாம்” என்பது நல்ல பேச்சு. அதையே இப்படி எழுதலாம்: “நாங்கள் நான்கு பேர். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். நாங்கள் 2026 ஜூலை 18, சனிக்கிழமை வருவோம். நாங்கள் 2026 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை புறப்படுவோம். மொத்தம் 14 இரவுகள். இந்தத் தேதிகள் உங்களுக்கு வசதிப்படுமா?” ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. ‘நாங்கள்’ திரும்பத் திரும்ப வருவது காதுக்குச் சலிப்பாக இருந்தாலும் அது காப்பாற்றும். எழுதி முடித்ததும் மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிப் படித்துப் பார்க்க வேண்டும். பல மொழிகளில் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்க வேண்டியிருந்த உளவியல் ஆய்வாளர்களுக்காக ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் முறைப்படுத்தி எழுதிய உத்தி இது. திரும்பி வந்ததில் தேதியோ எண்ணிக்கையோ மாறியிருந்தால் மூல வாக்கியத்தைத்தான் உடைத்து எழுத வேண்டும்.

தேதியையும் நேரத்தையும் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. சுவீடன்காரரும் ஜெர்மானியரும் விடுமுறையை வார எண்ணில் சொல்வார்கள். “29-ஆம் வாரம் வீடு காலி” என்று ஸ்டாக்ஹோமிலிருந்து பதில் வந்தால், அது 2026-இல் ஜூலை 13 திங்கள் முதல் 19 ஞாயிறு வரை என்று நாள்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர் ‘பதினைந்து நாள்’ என்றால் அது இரண்டு வாரம். அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்கத் திட்டமிட்டால், ஊர் திரும்பும் வீட்டுக்காரர் தன் வாசலிலேயே காத்திருக்க நேரும். ஜெர்மனியில் ‘அரை மூன்று’ என்றால் இரண்டரை மணி. அதுவே பிரிட்டிஷ் பேச்சில் மூன்றரை. 3/4 என்று எழுதினால் அமெரிக்காவில் மார்ச் 4, ஐரோப்பாவில் ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையையும் சேர்த்து, நேரத்தை 24 மணிக் கணக்கில் போட்டுவிட்டால் இத்தனை குழப்பமும் தீரும்.

அறைக்கணக்கும் அப்படித்தான். ‘டூ பிஹெச்கே’ என்றால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் புரியும், இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. ஜெர்மனியில் ‘மூன்றறை வீடு’ என்றால் கூடத்தையும் சேர்த்து மூன்று. படுக்கையறை இரண்டுதான் இருக்கும். பிரான்சிலும் கூடத்தைச் சேர்த்தே எண்ணுவார்கள். ஜப்பானில் ‘2எல்டிகே’ என்றால் இரண்டு அறைகள், அவை போகக் கூடமும் சமையலறையும் சேர்ந்த ஓர் இடம். மாடிக்கும் இதே கதை. பிரான்சின் முதல் மாடி நம்முடையதைப் போலத் தரைக்கு மேலே இருப்பது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முதல் தளம் என்றால் தரைத்தளமே. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர் “லிஃப்ட் உண்டா? வாசலிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி ஏற வேண்டும்?” என்று எண்ணிக்கையாகவே கேட்டுவிட வேண்டும். எத்தனை கட்டில், ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்று கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த அளவில் கடிதப் பணி முடிந்தது. கடினமான பகுதி இனிமேல்தான்.

பிரான்சில் பல அடுக்ககக் கதவுகள் இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது. குப்பை போடப் பாதிப் படி இறங்கி, சாவியை உள்ளே விட்டுவிட்டவர் பூட்டுத் தொழிலாளியைக் கூப்பிட வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தச் செலவு விடுமுறையின் மகிழ்ச்சியையே கெடுத்துவிடும். சில வீடுகளில் மின்கட்டணம் குறைவாக இருக்கும் இரவு நேரத்தில் மட்டும் வெந்நீர்த் தொட்டி சூடாகும். காலையில் நான்கு பேர் தாராளமாகக் குளித்தால் ஐந்தாவது ஆளுக்குக் குளிர்ந்த நீர்தான். குழாயில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தைக் கண்டு குளிர்நீர் என்று நினைத்துத் திறந்தால் கை வெந்துபோகும். பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் அது வெந்நீருக்கான முதலெழுத்து. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் குழாய் வெந்நீர் பூமிக்கடியிலிருந்து வருவது. கந்தக வாசனை அடிக்கும், சூடும் மிக அதிகம். வாசனையைக் கண்டு தண்ணீர் கெட்டுவிட்டது என்று பயப்படுகிற விருந்தாளிக்கு ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

ஜெர்மனியில் குப்பையே ஒரு பாடம். பொட்டலப் பொருள்களுக்கு மஞ்சள், காகிதத்துக்கு நீலம், சமையலறைக் கழிவுக்குப் பெரும்பாலும் பழுப்பு, மீதிக்குக் கறுப்பு அல்லது சாம்பல். கண்ணாடிப் புட்டியைத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். ஞாயிறன்று போடக் கூடாது, அன்று சத்தம் ஆகாது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியில் 25 சென்ட் வைப்புத்தொகை அடங்கியிருக்கிறது, கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சுவீடன் அடுக்ககங்களில் சலவை அறை பொது. யார் எந்த நேரத்தில் துவைப்பது என்று முன்பதிவு செய்ய வேண்டும். அடுத்தவர் நேரத்தில் நுழைந்துவிட்டால், விருந்தாளி ஊருக்குப் போன பிறகும் வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கத்தில் பேச்சு மிச்சமிருக்கும்.

ஜப்பானில் வீட்டு வழக்கங்கள் இன்னும் நுட்பமானவை. குளியல் தொட்டியில் இறங்குமுன் வெளியே அமர்ந்து உடம்பை முழுவதும் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். தொட்டி நீர் வீட்டார் அனைவருக்கும் பொது, ஒருவர் இறங்கி எழுந்ததும் வடித்துவிடக் கூடாது. நீர் தயாரானதும் சுவரில் உள்ள பலகை இசையோடு ஜப்பானிய மொழியில் அறிவிக்கும். நிலநடுக்கம் வந்தால் எரிவாயு மீட்டர் தானாகவே நின்றுவிடும். வாயு கசியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு பொத்தானை அழுத்திச் சில நிமிடம் காத்திருந்தால் மீண்டும் வரும். இது தெரியாதவர், அடுப்பு பழுது என்று நினைத்துக் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுவார். குப்பையைப் பொறுத்தவரை, தொக்குஷிமா மாவட்டத்தின் கமிகட்சு என்ற சிற்றூர் மக்கள் அதை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். மற்ற ஊர்களில் அவ்வளவு இல்லை என்றாலும் எந்தக் கிழமை எந்தக் குப்பை என்ற கணக்கு எங்கும் உண்டு.

இதையெல்லாம் வீட்டுக்காரர் முழு நீளக் கட்டுரையாக எழுதி மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஜப்பானிய நகராட்சிகள் பல, குப்பை அட்டவணையை ஆங்கிலம், சீனம், கொரியம் என்று படங்களோடு தாங்களே வெளியிடுகின்றன. அதன் பிரதியை வாங்கிச் சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது. சலவை இயந்திரத்துக்கும் அடுப்புக்கும் பின்னால் இருக்கும் மாதிரி எண்ணைக் குறித்து அனுப்பினால், விருந்தாளி தனக்குத் தெரிந்த மொழியில் கையேடு கிடைக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிக்கொள்ளலாம்.

மற்றதற்குப் படம். எழுத்து தெரியாத விருந்தாளிகளுக்கு ஒரு நாடே வழி சொன்ன கதை ஜப்பானில்தான் நடந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வரும் வெளிநாட்டவரால் ஜப்பானிய எழுத்தைப் படிக்க முடியாது என்பதால், கட்சுமி மசாரு என்பவரின் தலைமையில் இளம் வடிவமைப்பாளர்கள் விளையாட்டுகளுக்கும் கழிப்பறை, தொலைபேசி போன்ற வசதிகளுக்கும் சின்னங்கள் வரைந்தார்கள். எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று அவற்றின் உரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள். இன்று உலக விமான நிலையங்களில் காணும் பல சின்னங்களுக்கு அந்த முயற்சி ஒரு முன்னோடி. அதே நாட்டில் கழிப்பறை இருக்கைப் பொத்தான்களுக்கு நிறுவனத்துக்கு ஒரு சின்னம் என்று இருந்ததால், எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தெரியாமல் பயணிகள் திகைத்தார்கள். 2017-இல்தான் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி, எட்டுச் சின்னங்களைப் பொதுவாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டில் இதைச் செய்யக் கைபேசிக் கேமராவும் ஒட்டுத் தாளும் போதும். தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் திருகு எங்கே, மின்சாரம் போனால் எந்தச் சுவிட்சைத் தூக்க வேண்டும், எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று புகைப்படம் எடுத்து, அம்புக்குறி போட்டு, எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணை எழுதிய வண்ணத் தாளை அந்தந்த இடத்தில் ஒட்ட வேண்டும். “7-ஆம் எண்ணைப் பாருங்கள்” என்பதை எந்தச் செயலியும் சொதப்பாது. 1953 ஆசிரியர்களின் குறியீட்டுப் பட்டியல் இங்கே புது உருவில் மறுபடி உதவிக்கு வருகிறது. காணொளி அழைப்பில் கேமராவை ஏந்திக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து காட்டுவது அதற்கும் மேல். பேசத் தெரியாவிட்டாலும் கையால் திருகிக் காட்டினால் புரிந்துவிடும். அந்த ஜெர்மன் ஜன்னலுக்கு அரை நிமிடப் படம் போதும்.

எதைச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது என்றோமே, அதற்கும் வழி உண்டு. ஊருக்குப் புறம்பான ஒருவரை, தூரத்து உறவினரையோ வெளியூர் நண்பரையோ, ஓரிரவு தங்கவைத்து அவர் கேட்கும் கேள்விகளை எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு வீட்டைக் கொடுக்க முன்வருகிறவர் தன் வீட்டையே அந்தக் கண்ணால் பார்க்கட்டும். இங்கே சுவிட்சைக் கீழே தட்டினால் விளக்கு எரியும். அமெரிக்காவில் மேலே தள்ளினால்தான் எரியும். இங்கே பிளக் செருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே தனிச் சுவிட்ச் உண்டு. ஐரோப்பியர் வீட்டில் அது கிடையாது. இரவு முழுவதும் செருகிவைத்த கைபேசி ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று அவர் விழிப்பார். மோட்டார் போடுவது என்பதே பலருக்குப் புதிது: எப்போது போடுவது, மொட்டைமாடித் தொட்டி நிரம்பியது எப்படித் தெரியும், எப்போது நிறுத்துவது என்று மூன்றையும் எழுத வேண்டும். கீசர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கலாம். மின்தடையில் இன்வெர்ட்டர் எதை ஓட்டும், எதை ஓட்டாது? ஏசி ஓடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். குடிதண்ணீர் கேன் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது? சமையல் சிலிண்டர் வந்தால் சொல்ல வேண்டிய ஓடிபி எண் வீட்டுக்காரரின் கைபேசிக்குப் போகும். அவரோ வெளிநாட்டில் இருப்பார். முழு சிலிண்டர் ஒன்றை முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவதைப் படம் பிடித்து வைப்பது நல்லது. காலையில் மணியடிக்கும் வேலைக்கார அக்காவின் புகைப்படமும் பெயரும் வரும் நேரமும் கையேட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் கதவருகே திகைத்து நிற்க வேண்டியிராது.

ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருப்பது நல்லது. தேதி, ஆட்கள், காரைத் தொடலாமா, மின்கட்டணம் யாருடையது, உடைந்தால் என்ன செய்வது, ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் என்ன செய்வது. இரு மொழிகளையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, வரிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, ஐயம் வந்தால் எந்த மொழி வடிவம் செல்லும் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஜெர்மானியர் “பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா?” என்று கேட்டால் அது சந்தேகத்தால் வந்த கேள்வி இல்லை. பிறர் பொருளுக்குச் சேதம் செய்துவிட்டால் ஈடுகட்டும் அந்தக் காப்பீடு அங்கே பெரும்பாலான குடும்பங்களில் இருப்பதால் எல்லாரிடமும் இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறார். இல்லை என்றால் இல்லை என்று எழுதி, சேதத்துக்கு என்ன செய்வோம் என்பதைச் சேர்த்துச் சொல்லலாம்.

அரசு அலுவலகங்களிடம் செயலியின் மொழிபெயர்ப்பு செல்லாது. பிரிட்டன் விசாவுக்குத் தமிழில் உள்ள வரி ரசீதையோ பத்திரத்தையோ கொடுத்தால், மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரி என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். காரையும் மாற்றிக்கொள்வதானால் உரிமத்தின் மொழியும் வந்து நிற்கும். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஜப்பானில் கார் ஓட்ட, தங்கள் உரிமத்துக்கு அந்நாட்டு அரசு ஏற்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஜப்பான் மோட்டார் வாகனக் கூட்டமைப்பு அதைச் செய்து தருகிறது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் மேலாக ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ, அதே ஊரில் உள்ள தங்கையோ, இரு மொழியும் கொஞ்சம் தெரிந்த கல்லூரி மாணவரோ யாராக இருந்தாலும் சரி. வந்த அன்றே ஒருமுறை நேரில் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டால், நள்ளிரவில் தயங்காமல் கூப்பிட முடியும். வீட்டுக்காரர் அந்த நேரத்தில் விமானத்திலோ வேறு நேர மண்டலத்தில் தூக்கத்திலோ இருக்கலாம்.

அவசரத்துக்கென்று தனியாக ஒரு தாள் தேவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. அதைப் பொது எண்ணாக வைக்க 1991-இல் முடிவு செய்தார்கள். இந்தியாவிலும் 112. ஜப்பானில் தீக்கும் ஆம்புலன்சுக்கும் 119, போலீசுக்கு 110. அங்கே பல நகரங்களின் தீயணைப்புத் துறை, அழைப்பில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் இணைத்து மூவராகப் பேச வழி வைத்திருக்கிறது. ஆனால் எந்த மொழியில் பேசினாலும் முகவரியைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. மாவட்டம், நகரம், பேட்டை, தொகுதி எண் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரும். அதனால் தாளில் முகவரி உள்ளூர் எழுத்தில் ஒருமுறை, அதன் ஒலி விருந்தாளியின் எழுத்தில் ஒருமுறை, அருகில் உள்ள அடையாளக் கட்டடம் ஒன்று, வீட்டிலுள்ளவர்களுக்கு ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதன் பெயர் உள்ளூர் மொழியில். ஒரு பிரதியைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, இன்னொன்றைப் படமாக எடுத்துக் குடும்பத்தில் ஒவ்வொருவர் கைபேசியிலும் சேமிக்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த நாட்டு மொழியைப் புறப்படும் முன்பே பதிவிறக்கி வைத்தால், இணையம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும்.